வயலுக்கும் வைத்தியசாலைக்கும் ஒரே மருந்து



இலங்கையின் வரலாற்றை மாற்றிய படையெடுப்புகளை எண்ணும்போது சோழரையும் போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் ஆங்கிலேயரையும் நினைவுகூருகின்றோம். 1869ஆம் ஆண்டிலே மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குள் ஓசையின்றிப் புகுந்த ஒரு படையை அந்த வரிசையிற் சேர்ப்போர் மிகச் சிலர். கோப்பி இலையின் அடிப்புறத்திலே செம்மஞ்சள் நிறத் தூளாகத் தோன்றிய ஒரு பங்கசுதான் அந்தப் படை. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் என்பார் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். பேர்க்லி என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து, அப்பங்கசுக்கு ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் என்று அவ்வாண்டிலேயே பெயர் சூட்டினார். அப்பெயரின் பிற்பாதிக்குப் ‘பாழாக்குவது’ என்பது பொருள். பெயர் பொய்க்கவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் இலங்கையின் கோப்பிச் செல்வம் அழிந்தொழிந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்கென்று தென்னிந்தியாவிலிருந்து வந்து மலையேறிய தொழிலாளரின் வாழ்வும் அதனோடு திசைமாறியது.

அந்நோயை ஆராயும்பொருட்டு 1880ஆம் ஆண்டிலே மார்ஷல் வார்ட் என்னும் இளம் அறிஞர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். ஈராண்டு காலம் இங்குத் தங்கிய அவர், பங்கசின் வித்திகள் காற்றிலே பரவுவதையும், இலைமேற் படிந்த நீரிலே முளைத்து இலைவாய் வழியாக உள்ளே நுழைவதையும் கண்டறிந்தார். தடுப்புக்கு ஒரு காடுமின்றி, மலைக்கு மலை ஒரே பயிரை நட்டமை நோய்க்கு வழிசமைத்தது என்பதையும் எடுத்துக் காட்டினார். ஒரே இரை எங்கும் பரந்திருந்தால், அதை உண்ணப் பழகிய உயிரும் எங்கும் பரவும் என்பதே அவர் விட்டுச்சென்ற பாடம். அந்தப் பாடத்துக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. ஒரே மருந்து எங்கும் பரந்திருந்தால், அதற்குத் தப்பப் பழகிய உயிரும் எங்கும் பரவும். இம்மறுபக்கத்தை உலகம் படித்தறிய மேலும் நூறாண்டுக்கு மேற் சென்றது. அந்த வரலாற்றையே இன்று நேயர்கள் முன் எடுத்துரைக்க விழைகின்றேன்.

முதலிலே பங்கசு என்பது யாது என்று சிறிது பார்ப்போம். மழைக்காலத்துப் பாணிலே பூக்கும் பூஞ்சணம், குப்பைமேட்டிலே முளைக்கும் காளான், கள்ளைப் பொங்கச் செய்யும் மதுவம், தோலிலே வட்டமிட்டுப் படரும் படர்தாமரை ஆகிய யாவும் பங்கசு இனத்தைச் சேர்ந்தவையே. நெடுங்காலம் இவை தாவரங்களோடு வைத்து எண்ணப்பட்டன. இவை தாவரமுமல்ல, விலங்குமல்ல, தமக்கெனத் தனி இராச்சியம் உடையவை என்னும் கொள்கை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேதான் நிலைபெற்றது. அதன் பின்னர் வந்த ஆய்வுகள் வியப்பூட்டும் மற்றோர் உண்மையைப் புலப்படுத்தின. உறவுமுறை பார்த்தால் பங்கசுகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய சுற்றத்தார். அவற்றின் கலங்களும் நம்முடைய கலங்களும் அமைப்பிலே பெரிதும் ஒத்தவை.

இந்த உறவே மருத்துவத்துக்கு இடையூறாயிற்று. பற்றீரியாவின் கலம் நம்முடைய கலத்தினின்று வெகுதூரம் வேறுபட்டது. ஆதலால் நோயாளிக்குத் தீங்கு செய்யாது பற்றீரியாவை மட்டும் கொல்லும் மருந்துகள் பல கிடைத்தன. பங்கசுக்கு நஞ்சாவது பெரும்பாலும் நமக்கும் நஞ்சாகும். நுண்ணங்கி ஒன்று விலங்குக்கு நோய் விளைக்கும் என்பதை முதன்முதல் மெய்ப்பித்த ஆய்வு பங்கசு பற்றியதே என்பது இங்கு நினைக்கத்தக்கது. இத்தாலியிலே அகொஸ்தினோ பாசி என்பவர் பட்டுப்புழுக்களை வெண்சுண்ணம்போல் ஆக்கிக் கொன்ற நோய்க்குப் பங்கசே காரணம் என்று 1835ஆம் ஆண்டிலே வெளியிட்டார். பாஸ்டரும் கொக்கும் புகழ்பெறுவதற்குப் பல ஆண்டுகள் முந்திய செய்தி இது. 1840களிலே பாரிஸ் நகரில் டேவிட் குருபி என்னும் மருத்துவர் மனிதரின் தலைத்தோல் நோயிலும், குழந்தைகளின் வாய்ப்புண்ணிலும் பங்கசுகளைக் கண்டார். எதிரி முன்னரே இனங்காணப்பட்டபோதும், அவனை வெல்லும் மருந்து நூறாண்டு பிந்தியே வந்தது.

வயலின் நிலை வேறு. அங்கே தோலுக்கும் குடலுக்கும் கேடு வருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. பிரான்சின் போர்தோ பகுதியிலே, தெருவோரத்து முந்திரிகைகளைத் திருடர் பறியாதிருக்கும்படி உழவர்கள் துருசையும் சுண்ணாம்பையும் கலந்து இலைகளிலே தெளிப்பது வழக்கம். தெளித்த கொடிகள் நோயின்றி நிற்பதை மில்லார்தே என்னும் பேராசிரியர் கண்டார். 1885ஆம் ஆண்டிலே அக்கலவையை உலகுக்கு அறிவித்தார். போர்தோக் கலவை என்று இன்றும் உழவர் அறிந்த மருந்து அதுவே. அதிலுள்ள செம்பு பங்கசின் உடலிலே ஒரே இடத்தைத் தாக்குவதில்லை. பல இடங்களை ஒருங்கே தாக்குகின்றது. ஆகவே பங்கசு அதற்குத் தப்ப வழி காண்பது அரிது. பின்னர் வந்த மருந்துகள் இதனினும் நுட்பமானவை. அந்த நுட்பமே பின்னாளில் அவற்றின் பலவீனமுமாயிற்று.

மனிதருக்குத் தகுந்த பங்கசு மருந்து கிடைத்த கதை இரண்டு பெண்மணிகளின் கதையாகும். ஐக்கிய அமெரிக்காவிலே நியூ யோர்க் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தின் ஆய்வுகூடங்களிலே எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுண் என்னும் இருவர் பணிபுரிந்தனர். ஹேசன் நியூ யோர்க் நகரிலே நுண்ணங்கிகளை ஆராய்ந்தார்; பிரவுண் அல்பனி நகரிலே இரசாயனம் ஆராய்ந்தார். இருவருக்கும் இடையே நூறு மைலுக்கு மேற்பட்ட தூரம். மண்மாதிரிகளும் மருந்துப் பொருள்களும் போத்தல்களிலே அடைக்கப்பட்டு அஞ்சல் வழியாக அங்குமிங்கும் சென்று வந்தன. ஹேசன் தம் நண்பரின் பண்ணையிலிருந்து எடுத்துவந்த மண்ணிலே வாழ்ந்த ஒரு நுண்ணங்கி, பங்கசைக் கொல்லும் பொருளைச் சுரந்தது. 1950ஆம் ஆண்டிலே அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. தம் மாநிலத்தின் பெயரால் அதற்கு நிஸ்டாட்டின் என்று பெயரிட்டனர். அதன் உரிமைப் பணமாகக் கிடைத்த 1 கோடியே 30 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகையை அவ்விருவரும் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. அறிவியல் ஆராய்ச்சிக்கே அளித்துவிட்டனர். 1966ஆம் ஆண்டிலே இத்தாலியின் புளோரன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, நனைந்த ஓவியங்களிலே பூத்த பூஞ்சணத்தை ஒழிக்கவும் இம்மருந்து உதவிற்று.

நிஸ்டாட்டின் வாய்க்கும் தோலுக்கும் குடலுக்கும் பயன்பட்டது. இரத்தத்திலே புகுந்த பங்கசுக்குப் பயன்படவில்லை. அந்தக் குறையை 1950களின் பிற்பாதியிலே அம்போரெரிசின் என்னும் மருந்து நிரப்பியது. வெனிசுவேலாவின் ஒரினொக்கோ ஆற்றுப் பகுதி மண்ணிலிருந்து பெறப்பட்ட நுண்ணங்கியே அதற்குத் தாய். அது பல உயிர்களைக் காத்தது. ஆனால் கடுங்காய்ச்சலையும் நடுக்கத்தையும் உண்டாக்கியது, சிறுநீரகத்தையும் தாக்கியது. நோயா, மருந்தா எது கொடியது என்று மருத்துவர் தயங்கும் நிலை இருந்தது.

இந்நிலையிலேதான் அசோல் என்னும் மருந்துக் குடும்பம் தோன்றியது. நம் கலங்களின் மென்சவ்வுக்கு உறுதியளிப்பது கொலஸ்திரோல் என்னும் கொழுப்புப் பொருள். பங்கசின் கலத்திலே அந்த வேலையை எர்கோஸ்திரோல் என்னும் பொருள் செய்கின்றது. எர்கோஸ்திரோலை ஆக்குவதற்குப் பங்கசுக்கு ஒரு நொதியம் தேவை. அசோல் மருந்து அந்த நொதியத்தின் வாயிலே சென்று அடைத்துக்கொள்கின்றது. பூட்டினுள் வேறொரு திறப்பு முறிந்து சிக்கினாற்போல நொதியம் செயலிழக்கின்றது. பங்கசின் மென்சவ்வு குலைகின்றது. நமக்கும் பங்கசுக்கும் உள்ள சிறிய வேறுபாட்டைத் தேடிப் பிடித்து, அந்த இடத்திலே அடிக்கும் மருந்து இது. தோலுக்குப் பூசும் அசோல்கள் 1970களிலே பரவின. வாயால் உட்கொள்ளத்தக்க கீற்றோகொனசோல் 1981ஆம் ஆண்டிலும், புளூகொனசோல் 1990ஆம் ஆண்டிலும் அமெரிக்காவிலே அனுமதி பெற்றன. குறைந்த நஞ்சு, எளிய பயன்பாடு, பரந்த ஆற்றல் ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்தன. மருத்துவர்கள் மகிழ்ந்தனர்.

அதே காலத்திலே, அதாவது 1970கள் தொடக்கம், உழவர்களும் மகிழ்ந்தனர். எர்கோஸ்திரோல் மனிதரைத் தாக்கும் பங்கசுக்கு மட்டும் உரியதன்று. கோதுமையைத் தாக்கும் பங்கசுக்கும் வாழையைத் தாக்கும் பங்கசுக்கும் முந்திரிகையைத் தாக்கும் பங்கசுக்கும் அதுவே உயிர்நிலை. ஆதலால் அதே அசோல் குடும்பத்தைச் சேர்ந்த பீடைகொல்லிகள் வயல்களுக்கும் வந்தன. மரப்பலகை கெடாதிருக்கவும், சுவர்ப்பூச்சிலே பூஞ்சணம் பிடியாதிருக்கவும் அவை சேர்க்கப்பட்டன. வைத்தியசாலைக்கு மருந்தை அனுமதிப்போர் ஒரு திணைக்களத்தார். வயலுக்கு அனுமதிப்போர் வேறொரு திணைக்களத்தார். ஒருவர் செய்வது மற்றவருக்கு இடையூறாகும் என்று எவரும் அன்று நினைக்கவில்லை. நோயாளியின் படுக்கைக்கும் பூந்தோட்டத்துக்கும் என்ன தொடர்பு என்றே எவரும் கேட்டிருப்பர்.

இதற்கிடையிலே நோயாளரின் தொகை பெருகிற்று. நல்ல உடல்நிலையுள்ள மனிதனைப் பங்கசு எளிதிலே வீழ்த்துவதில்லை. நம் உடலின் வெப்பமே பல பங்கசுகளுக்குத் தாங்கொணாதது. எனினும், உடலின் காவல் தளர்ந்தால் அவை உள்ளே புகும். 1981ஆம் ஆண்டிலே இனங்காணப்பட்ட எயிட்சு நோய் அந்தக் காவலையே அழித்தது. புற்றுநோய்ச் சிகிச்சையும், சிறுநீரகம் முதலிய உறுப்புகளை மாற்றிவைக்கும் சிகிச்சையும் உயிரைக் காத்தன. ஆயினும் காவலைத் தற்காலிகமாகத் தளர்த்தின. ஆகவே மருத்துவம் முன்னேற முன்னேறப் பங்கசுக்கு இடங்கொடுக்கும் உடல்களும் பெருகின. 1990களிலே, எயிட்சு நோயாளருக்கு மாதக்கணக்கிற் புளூகொனசோல் கொடுக்கப்பட்டபோது, வாயிலே வளரும் கன்டிடா என்னும் மதுவப் பங்கசு அம்மருந்துக்கு அசையாது நிற்பதை மருத்துவர்கள் கண்டனர். நீண்டநாள் மருந்துண்ட உடலிலே மருந்துக்குப் பழகிய பங்கசு தோன்றுவது விளங்கத்தக்கதே. விளங்காத புதிர் வேறிடத்திலே காத்திருந்தது.

அந்த இடம் ஒல்லாந்து. அஸ்பெர்ஜிலஸ் பியூமிகேட்டஸ் என்னும் பங்கசு உக்கும் இலைகளிலும் கூட்டெருவிலும் வாழ்வது. அதன் நுண்ணிய வித்திகளை நாம் யாவரும் நாள்தோறும் மூச்சோடு உள்ளிழுக்கின்றோம். காவல் தளர்ந்தவரின் நுரையீரலிலே அவை முளைத்து உயிரையே குடிக்கும். அந்நோய்க்கு முதன்மையான மருந்து அசோல். 1990களின் இறுதி தொடக்கம் அசோலுக்கு அசையாத அஸ்பெர்ஜிலஸ் ஒல்லாந்து நோயாளரிடம் காணப்படலாயிற்று. 2007, 2008ஆம் ஆண்டுகளிலே நைமேகன் நகரின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பவுல் வெர்வெய் முதலியோர், இதனை விரிவாக வெளியிட்டனர். வியப்பு யாதெனில், அந்நோயாளரிற் பலர் அதற்குமுன் அசோல் மருந்தை ஒருநாளும் உட்கொண்டவரல்லர். மருந்தைக் காணாத உடலிலே மருந்துக்குப் பழகிய பங்கசு எங்ஙனம் வந்தது?

இவ்வினாவுக்கு விடை தந்தது பரம்பரை எழுத்தைப் படிக்கும் கலை. ஒவ்வோர் உயிரின் கலத்திலும் டி.என்.ஏ. என்னும் இழையிலே நான்கே எழுத்துகளால் அதன் பரம்பரைச் செய்தி எழுதப்பட்டிருக்கின்றது. கருவுடைய கலங்களாலான உயிரினங்களுள் முதன்முதல் முழுமையாகப் படிக்கப்பட்டது அப்பத்தையும் பாணையும் பொங்கச் செய்யும் மதுவத்தின் ஏடே. 1996ஆம் ஆண்டிலே நிறைவுற்ற அவ்வேட்டில் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் எழுத்துகள் இருந்தன. 2005ஆம் ஆண்டிலே அஸ்பெர்ஜிலசின் ஏடும் வெளியாயிற்று. 8 நிறமூர்த்தங்களிலே ஏறத்தாழ 2 கோடியே 90 இலட்சம் எழுத்துகள்.

இவ்வேடுகளைப் படித்து வரலாறு காணும் முறை தமிழருக்குப் புதியதன்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையைப் பதிப்பித்ததை அறிவோம். பழைய நூலொன்றைப் பதிப்பிப்போர் ஊரூராகத் தேடிய ஏடுகளை ஒப்புநோக்குவர். பெயர்த்தெழுதுவோரின் கைப்பிழை ஏட்டுக்கு ஏடு வேறுபடும். இரண்டு ஏடுகளிலே ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்பட்டால், அவ்விரண்டும் ஒரு தாயேட்டின் வழிவந்தவை என்று கொள்வர். பங்கசும் இனம்பெருகும்போதெல்லாம் தன் பரம்பரை ஏட்டைப் பெயர்த்தெழுதுகின்றது. அப்பொழுது எழுத்துப் பிழைகள் நேர்கின்றன. பெரும்பாலான பிழைகள் பயனற்றவை. ஏதோ ஒரு பிழை தற்செயலாக மருந்துக்குத் தப்பும் வழியைத் திறந்துவிட்டால், மற்றவை மடிய, அந்தப் பிழையுடைய ஏடு மட்டும் எஞ்சிப் பெருகும். அங்ஙனம் எஞ்சிய ஏடுகளை ஒப்புநோக்கினால் அவை எங்கிருந்து வந்தவை என்று தடம் பற்றலாம்.

ஒல்லாந்து நோயாளரின் பங்கசுகளை ஒப்புநோக்கியபோது, பலவற்றிலே ஒரே இரட்டைப் பிழை காணப்பட்டது. அசோல் தாக்கும் நொதியத்துக்குரிய பரம்பரையலகின் முன்வாசலிலே 34 எழுத்துகள் இருமுறை எழுதப்பட்டிருந்தன. அதனால் நொதியம் மிகுதியாகச் சுரந்தது. அந்நொதியத்தின் 98ஆவது அமினோவமிலமும் மாறியிருந்தது. அதனால் மருந்து முன்போலப் பொருந்தவில்லை. வெவ்வேறு நோயாளரின் உடலிலே தனித்தனியாக இதே இரட்டைப் பிழை தோன்றியிருத்தல் அரிது. பொதுவான தாயேடு ஒன்று வெளியிலே இருந்திருக்க வேண்டும். ஆய்வாளர்கள் மண்ணையும் கூட்டெருவையும் சோதித்தனர். அதே பிழையுடைய பங்கசு அங்கே இருந்தது. வயலிலே பயன்படுத்தப்பட்ட அசோல்களுட் சில, மருத்துவ அசோல்களோடு வடிவத்திலே மிக ஒத்திருந்தன. வயல் மருந்துக்குத் தப்பிய பங்கசு, தான் கண்டிராத வைத்தியசாலை மருந்துக்கும் தப்பியது.

ஒல்லாந்தரின் டியூலிப் மலர் உலகறிந்தது. அதன் கிழங்குகளை நடுவதற்குமுன் அசோல் கரைசலிலே தோய்ப்பது அங்கு வழக்கம். கழிக்கப்பட்ட கிழங்குகளும் தழைகளும் குவிந்து உக்கும் மேடுகளிலே மருந்தின் எச்சமும் இருந்தது. அஸ்பெர்ஜிலசுக்கு உகந்த உணவும் வெப்பமும் இருந்தன. மருந்துக்குப் பழகும் பள்ளிக்கூடமாக அம்மேடு அமைந்தது. 2017ஆம் ஆண்டிலே அயர்லாந்தின் டப்ளின் நகரக் கடைகளிலே வாங்கப்பட்ட ஒல்லாந்துக் கிழங்குகளில் மருந்துக்கு அசையாத அஸ்பெர்ஜிலஸ் இருந்தமை வெளியிடப்பட்டது. காற்று மட்டுமன்றி வணிகமும் அதைச் சுமந்து சென்றது. இந்தியாவிலும் 34 எழுத்து இரட்டிப்புடைய பங்கசு நோயாளரிடத்தும் மண்ணிலும் காணப்பட்டதை 2012ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு அறிவித்தது. 2022ஆம் ஆண்டிலே பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் நோயாளரிடமிருந்தும் சூழலிலிருந்தும் பெறப்பட்ட 218 அஸ்பெர்ஜிலஸ் மாதிரிகளின் ஏடுகள் ஒப்புநோக்கப்பட்டன. சில நோயாளரின் நுரையீரற் பங்கசும் வெளியிலே கிடைத்த பங்கசும் ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தன. வயலுக்கும் படுக்கைக்கும் உள்ள தொடர்பு அன்றுமுதல் ஐயமாக நிற்கவில்லை, சான்றாக நின்றது.

இனி இரண்டாவது வரலாறு ஒன்றைக் கேளுங்கள். 2009ஆம் ஆண்டிலே யப்பானின் ரோக்கியோ நகரில் ஒரு முதிய நோயாளியின் காதிலிருந்து முன் அறியப்படாத மதுவப் பங்கசு ஒன்று பெறப்பட்டது. காது என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் அதற்குக் கன்டிடா ஓரிஸ் என்று பெயரிட்டனர். பின்னர் பழைய மாதிரிகளைத் தேடியபோது, கொரியாவிலே 1996ஆம் ஆண்டின் மாதிரியொன்றிலும் அது இருந்தது தெரியவந்தது. சில ஆண்டுகளுள் அது பல கண்டங்களின் வைத்தியசாலைகளிலே தோன்றியது. படுக்கையிலும் கருவிகளிலும் ஒட்டிக்கொண்டு நாட்கணக்கில் உயிர்வாழ்ந்தது. ஒரு நோயாளியிடமிருந்து மற்றொருவருக்குத் தாவியது. 2017ஆம் ஆண்டிலே வெளியான ஆய்வொன்று பாக்கிஸ்தான், இந்தியா, தென்னாபிரிக்கா, வெனிசுவேலா ஆகிய நாடுகளின் 54 மாதிரிகளை ஆராய்ந்தது. அவற்றுள் 93 வீதமானவை புளூகொனசோலுக்கு அசையவில்லை. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துக் குடும்பங்களுக்கு அசையாதவை 41 வீதம்.

இப்பங்கசு ஒரு நாட்டிலே தோன்றி விமானமேறிப் பரவியது என்று எவரும் முதலிலே எண்ணுவர். ஏடுகள் வேறு கதை சொல்லின. ஒரு நிலப்பகுதியின் மாதிரிகள் தம்முள் மிக நெருங்கியிருந்தன. மற்றொரு பகுதியின் மாதிரிகளிலிருந்து பல்லாயிரம் எழுத்துகளால் வேறுபட்டன. தெற்காசியா, கிழக்காசியா, ஆபிரிக்கா, தென்னமெரிக்கா என நான்கு குடிகள் தனித்தனியே, ஏறக்குறைய ஒரே காலத்திலே எழுந்திருந்தன. ஏன் ஒரே காலத்திலே எழுந்தன என்பதற்குப் பல கருத்துகள் உண்டு. மருந்தின் பெருக்கம் காரணமாகலாம் என்பர் ஒருசாரார். பூமியின் வெப்பம் உயர உயர, அவ்வெப்பத்துக்குப் பழகிய பங்கசு நம் உடல் வெப்பத்தையும் தாங்கப் பழகியிருக்கலாம் என்பர் மற்றொரு சாரார். 2021ஆம் ஆண்டிலே அந்தமான் தீவுகளின் உப்புச் சதுப்பிலும் கடற்கரை மணலிலும் இப்பங்கசு கண்டெடுக்கப்பட்டது. வைத்தியசாலைக்கு வெளியே, இயற்கைச் சூழலிலிருந்து அது பெறப்பட்டமை அதுவே முதன்முறை.

இவையெல்லாம் பெருநகர வைத்தியசாலைகளின் கதைகள், நமக்கென்ன என்று நேயர்கள் எண்ணுதல் கூடாது. படர்தாமரை ஏழை எளியோரின் நோய். இந்தியாவிலே பரவி, அண்மைக் காலத்திலே பல நாடுகளுக்கும் சென்றுள்ள ஒருவகைப் படர்தாமரைப் பங்கசு, வழமையான தெர்பினபீன் மருந்துக்குப் பெரும்பாலும் அசைவதில்லை. 2020ஆம் ஆண்டிலே அதற்குத் தனிப்பெயரும் சூட்டப்பட்டது. அரிப்பை உடனே தணிக்கும் ஸ்ரெரோயிட் என்னும் மருந்தைப் பங்கசு மருந்தோடு கலந்து விற்கும் களிம்புகள் இதன் பரவலுக்கு உதவின என்று தோல்நோய் மருத்துவர்கள் கருதுகின்றனர். களிம்பு பூசியதும் சிவப்பும் அரிப்பும் மறைகின்றன. அதே வேளையில் தோலின் காவலும் தளர்கின்றது. பங்கசு சாகாமல், ஓசையின்றிப் படர்கின்றது. அரைகுறையாக மருந்து கண்ட பங்கசு, மருந்துக்குப் பழகும் வாய்ப்பையும் பெறுகின்றது. ஆதலால், மருத்துவரைக் கேளாமல் கடையிலே களிம்பு வாங்கிப் பூசுவதும், அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்துவதும் நம் தோலுக்கு மட்டும் கேடானவையல்ல, அயலாருக்கும் கேடானவை.

உழவரைக் குற்றவாளிக் கூண்டிலே நிறுத்துவது என் நோக்கமன்று. பயிரைத் தாக்கும் பங்கசை அடக்காவிட்டால் என்ன நேரும் என்பதைக் கோப்பியின் அழிவு நமக்கு உணர்த்தியிருக்கின்றது. கோதுமையும் வாழையும் நோயின்றி விளைவது கோடிக்கணக்கான மக்களின் உணவுக்கு இன்றியமையாதது. அசோலைத் தடுத்துவிடுங்கள் என்று வைத்தியசாலையார் சொல்வது எளிது. விளைச்சலை இழப்பவன் உழவன். மறுபுறத்திலே, வயலுக்குச் செம்பும் கந்தகமும் பிற மருந்துகளும் உண்டு. உள்ளுறுப்பு நோய்க்கு மருத்துவரிடம் இருக்கும் முக்கியமான மருந்துக் குடும்பங்களோ மூன்றே. அம்போரெரிசினைச் சேர்ந்த குடும்பம் ஒன்று, அசோல் ஒன்று, 2001ஆம் ஆண்டு முதல் வழக்கிலே வந்த எக்கினோகன்டின் ஒன்று. மூன்றில் ஒன்று கெட்டால் எஞ்சுவது இரண்டு. ஓரிஸ் பங்கசு அந்த இரண்டையும் சோதித்துப் பார்க்கின்றது.

உலகம் விழித்துக்கொண்டதற்கு அறிகுறிகள் இல்லாமலில்லை. 2022ஆம் ஆண்டு ஒக்டோபரிலே உலக சுகாதார நிறுவனம் மனிதரைத் தாக்கும் 19 பங்கசுகளின் முதன்மைப் பட்டியலை முதன்முறையாக வெளியிட்டது. மிகக் கடுமையான முதல் வரிசையிலே வைக்கப்பட்ட நான்கினுள் அஸ்பெர்ஜிலஸ் பியூமிகேட்டசும் கன்டிடா ஓரிசும் இடம்பெற்றன. 2025ஆம் ஆண்டு சனவரியிலே ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு, மருந்து, சூழல் முதலிய துறைகளைச் சேர்ந்த நிறுவனங்கள் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டு, வயலிலே பயன்படும் அசோலுக்கும் நோயாளரிடம் தோன்றும் எதிர்ப்புக்கும் உள்ள தொடர்பை ஏற்றுக்கொண்டன. தனித்தனி மேசைகளிலே அமர்ந்திருந்தோர் ஒரே மேசைக்கு வர அரை நூற்றாண்டு ஆயிற்று.

ஆயினும் வரலாறு மீண்டும் அதே தடத்திலே நடக்கக்கூடும் என்னும் அச்சம் நீங்கவில்லை. அசோலுக்கு அசையாத அஸ்பெர்ஜிலசுக்கென ஒலொரொபிம் என்னும் புதிய மருந்து நெடுநாள் உழைப்பால் உருவாக்கப்பட்டு, நோயாளரிடத்திலே பரீட்சிக்கப்பட்டது. அது முன்னைய மருந்துகள் தொடாத வேறொரு நொதியத்தைத் தாக்குவது. அது நோயாளருக்குப் பொதுவான வழக்கில் வருமுன்னரே, அதே நொதியத்தைத் தாக்கும் இப்புளூபெனோகுயின் என்னும் பயிர் மருந்துக்கு 2022ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பயிர் மருந்துக்குத் தப்பப் பழகிய அஸ்பெர்ஜிலஸ் ஒலொரொபிமுக்கும் தப்புகின்றது என்பதை ஆய்வுகூடச் சோதனைகள் காட்டின. டியூலிப் மேட்டிலே முன்பு நிகழ்ந்தது அறியாமையால் நிகழ்ந்தது. இனி நிகழ்ந்தால் அறியாமையைச் சாட்டாகக் கூற இயலாது.

நம் வன்னி நாட்டுக் கிராமங்களிலே ஒரு குளத்து நீரைப் பல வயல்கள் பகிர்ந்துகொள்கின்றன. மேல்வயற்காரன் வேண்டியமட்டும் பாய்ச்சினால் கீழ்வயல் காயும். இருவரும் நல்லவர்களாயிருந்தாலும் போதாது. முறைவைத்துப் பங்கிட ஒரு வட்டவிதானை வேண்டும். அந்த ஏற்பாட்டை நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்து வைத்திருந்தனர். மருந்தின் ஆற்றலும் குளத்து நீரைப் போன்றதே. அது எவர் ஒருவரின் சொத்துமன்று. வயலுக்கும் வைத்தியசாலைக்கும், இன்றைய நோயாளிக்கும் நாளை பிறப்போருக்கும் பொதுவானது. எந்த மருந்து வயலுக்கு, எந்த மருந்து நோய்ப்படுக்கைக்கு என்று இருசாராரையும் வைத்துக்கொண்டு முடிவு செய்யும் ஒழுங்கு ஒவ்வொரு நாட்டுக்கும் வேண்டும். உழவர், மருத்துவர், அரசாங்கத்தார், களிம்பு வாங்கும் நாம் ஆகிய எல்லோருக்கும் அதிலே பங்குண்டு.

பேராதனையிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற கோப்பி இலைகளைப் படிக்க அன்று ஒரு நுணுக்குக்காட்டியே இருந்தது. இன்று பங்கசின் ஏட்டை எழுத்தெழுத்தாகப் படிக்கின்றோம். அந்த ஏடு நாம் எந்த மருந்தை எங்கே எவ்வளவு தெளித்தோம் என்பதற்கும் கணக்கு வைத்திருக்கின்றது. அக்கணக்கைப் படித்தவர்கள் தங்கள் செலவைத் திருத்திக்கொள்வார்களாயின், ஒல்லாந்து நோயாளர் பட்ட துன்பத்துக்கும் ஒரு பயன் விளைந்ததாகும்.